சிஎஸ்டி என்றால் வி.டி.தானே?

"நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்?"

பெரியப்பா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இதைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவோம். நானும்தான். அவருக்கு மறதி ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் எங்கள் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்துப் பையனாகிவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் வாத்தியார்கள்.

பெரியப்பாவிடம் இதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. "வாங்க வாங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? உக்காருங்க, காப்பி குடிக்கலாம்." யாருக்கும் பொருந்துகிற பதில். பாதிப் பேர் "பாத்தியா, அடையாளம் தெரிஞ்சுட்டு" என்று சந்தோஷமாக உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கல் சமயத்தில் வந்த ஒரு சித்தப்பா மட்டும் விடவில்லை. "காப்பி இருக்கட்டும் அண்ணாச்சி, என் பேரைச் சொல்லுங்க."

பெரியப்பா எழுந்து அடுக்களைக்குப் போனார். வெகுநேரமாகியும் திரும்பவில்லை. நான் போய்ப் பார்த்தபோது குழாயைத் திறந்துவிட்டு, விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "யாருட்டி அவன், இப்படி நெருக்குதான்?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

நானும் அப்படித்தான் நெருக்கிக்கொண்டிருந்தேன் என்பது அந்தக் குழாயடியில்தான் எனக்கு உறைத்தது.

பெரியப்பாவுக்கு 82 வயது. அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். 1964-ல் பம்பாய் வந்து ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே தபால் பிரிவில் சார்ட்டராக, அதாவது தபால்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறவராகச் சேர்ந்தார். கொஞ்சகாலம் மெட்ராஸ் மெயிலின் தபால் பெட்டியில் ஓடினார், மீதி எல்லாம் வி.டி. ஸ்டேஷனில். 2003-ல் ஓய்வு. பெரியம்மா 2019-ல் போனாள். மகன் ஷார்ஜாவில். அங்கே வரச் சொல்லிக் கூப்பிட்டதற்கு, "அங்க எனக்கு யாரு லெட்டர் போடுவா?" என்று கேட்டுவிட்டு இங்கேயே இருந்துகொண்டார். சயான் கோலிவாடாவில் ஒரு ரூம், ஒரு கிச்சன், இரண்டாவது மாடி. எதிர் வீட்டு வஹினியிடம், மராத்தியில் அண்ணி, இன்னொரு சாவி. காலையில் வீட்டு வேலைக்கு ஒரு பாய், வேலைக்காரம்மாவை இங்கே அப்படித்தான் சொல்வோம், வருகிறாள். நான் டோம்பிவிலியில் இருக்கிறேன், வேலை ஃபோர்ட்டில். ரத்த சொந்தத்தில் பக்கத்தில் இருப்பது நான்தான். மும்பைக் கணக்கில் ஒன்றரை மணி நேரம் என்பது பக்கம்.

முதலில் பால் பாக்கெட்டில்தான் தெரிந்தது. ஃபிரிட்ஜில் ஒன்பது. பிறகு காலண்டர். நம் வீடுகளில் தொங்குமே, தினமும் தாள் கிழிக்கிற காலண்டர், அதை அவர் காலையில் ஒரு தடவை கிழிப்பார். கிழித்தது மறந்துபோய்ப் பத்து மணிக்கு இன்னொரு தடவை. மத்தியானம் தூங்கி எழுந்து, விடிந்துவிட்டது என்று நினைத்து ஒன்று. சாயங்காலம் நான் போன் செய்தால், "இன்னிக்குச் சனிக்கிழமைல்லா, ஆபீஸ் லீவா?" என்பார். அன்று புதன்கிழமையாக இருக்கும். ஒருநாள் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனவர் கிங்ஸ் சர்க்கிள் பாலத்துக்குக் கீழேயே இரண்டு மணி நேரம் சுற்றிவந்தார். ஐம்பது வருஷமாகப் போன வழி.

டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனை எழுதினார். பி12 குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் மறதி வரும், அதெல்லாம் மாத்திரையில் சரியாகக்கூடியது, அதைப் பார்க்காமல் எதையும் முடிவுகட்டக் கூடாது என்றார். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் கூடினால் மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். பிறகு காது. பெரியப்பாவுக்கு இடது காது மந்தம் என்பது எங்களுக்குத் தெரியும், ஆனால் அதற்கும் மறதிக்கும் முடிச்சுப் போட்டதில்லை. 2024-ல் வந்த, லான்செட் மருத்துவ இதழின் குழு எழுதிய அறிக்கை மறதிநோய்க்கான 14 காரணிகளைப் பட்டியலிடுகிறது. காது கேளாமை, கண் மங்குவது, தனிமை மூன்றும் அதில் உண்டு. பெரியப்பாவிடம் மூன்றும் இருந்தன. கண்ணில் புரை வேறு.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வித்தாள். இது என்ன வருஷம், என்ன மாசம், எந்த மாடியில் இருக்கிறோம். பெரியப்பா வருஷத்தில் தடுமாறினார். மாடியில் தடுமாறினார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "93, 86, 79, 72, 65, போதுமா, இன்னும் சொல்லணுமா?" என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "என்ன வருஷம்னு அந்த டாக்டருக்கே தெரியல, என்கிட்ட கேக்காரு" என்றார். சிரித்தேன். டாக்ஸியில் அழுதேன்.

ஆரம்பக்கட்ட மறதிநோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2023-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வின்படி இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது, ஏறக்குறைய 88 லட்சம் பேர். அந்த எண் எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. ஒன்பது பால் பாக்கெட்டை என்ன செய்வது என்று அது சொல்லாது.

மூளைக்கு வேலை கொடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். கொடுத்தேன். சுடோகு புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்து, "கட்டமெல்லாம் காலியா இருக்கே, இது யாருக்குப் போகணும்?" என்று கேட்டார். டேப்லெட் வாங்கி அதில் ஞாபகசக்தி விளையாட்டுகளைப் போட்டுக் கொடுத்தேன். தப்பான படத்தைத் தொட்டால் 'ட்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். நாலு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, டேப்லெட்டைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் காப்பி டம்ளரை வைத்தார். இன்றைக்கும் அது அந்த வேலையைத்தான் பார்க்கிறது.

சென்னையில் உளவியல் துறையில் இருக்கும் ஒரு தோழி போனில் சொன்னாள்: "சிஎஸ்டி பண்ணிப் பாரேன்."

"தினமும் அங்கதானே இறங்குறேன்" என்றேன்.

மும்பைக்காரிக்கு அப்படித்தான் கேட்கும். விக்டோரியா டெர்மினஸுக்கு 1996-ல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் என்று பெயர் மாற்றியதிலிருந்து அது எங்களுக்கு சிஎஸ்டி. 2017-ல் கடைசியில் 'மகாராஜ்' சேர்த்தார்கள், நாக்கு அதற்குப் பழகவில்லை. பெரியப்பாவுக்கோ சிஎஸ்டியும் கிடையாது, என்றைக்கும் வி.டி.தான். தோழி சொன்னது காக்னிட்டிவ் ஸ்டிமுலேஷன் தெரபி. சிந்தனையைத் தூண்டிவிடும் பயிற்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1950-களின் கடைசியில் அமெரிக்காவில், முன்னாள் படைவீரர்களுக்கான ஒரு மருத்துவமனையில், இது இன்ன நாள், இன்ன இடம், நீ இன்னார் என்று நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்ப எடுத்துச்சொல்லும் ஒரு முறையைத் தொடங்கினார்கள். அது பரவியது. பரவிய இடங்களில் பல நேரம் எங்கள் சித்தப்பா பாணிக்குப் போய்விட்டது. தப்பாகச் சொன்னால் திருத்து, மறுபடி கேள், மறுபடி திருத்து. அதன் நல்ல பகுதிகளை எடுத்துக்கொண்டு, திருத்துகிற பழக்கத்தைக் கழித்துக்கட்டி, ஏமி ஸ்பெக்டர், மார்ட்டின் ஓரல் ஆகியோர் லண்டனில் உருவாக்கியதுதான் சிஎஸ்டி. ஏழு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை, மொத்தம் 14 அமர்வுகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். உணவு, சிறுவயது, ஓசைகள், பணம், பொருள்களை இனம் பிரிப்பது, அன்றாடச் செய்தி என்று ஒவ்வொரு நாளும் ஒரு தலைப்பு. 201 பேரை வைத்து அவர்கள் செய்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது. 2006-லேயே பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நெறிமுறையில் இந்த மாதிரிக் குழுப் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. சென்னையில் 1984-லிருந்து இயங்கும் ஸ்கார்ஃப் என்கிற மனநல நிறுவனத்தில் இதைத் தமிழில், நம் ஆட்களுக்குத் தகுந்தபடி மாற்றி நடத்திப் பார்த்திருக்கிறார்கள்.

தோழி விளக்கியதில் ஒரே ஒரு விஷயம் எனக்குச் சுரீர் என்று பட்டது. 'ஞாபகம் இருக்கா?' என்று கேட்காதே, 'நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று கேள். முதல் கேள்விக்குச் சரி, தப்பு என்று இரண்டே வழி. இரண்டாவதில் தோற்கவே முடியாது. ஞாபகம் போனாலும் அபிப்பிராயம் அவ்வளவு சீக்கிரம் போய்விடாது என்றாள்.

பெரியப்பா விஷயத்தில் இதற்கு சாட்சியே வேண்டாம். தமக்கையின் பெயர் மறந்திருக்கிறது, ஆனால் அந்த அத்தையைக் கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை என்ற எண்ணம் அப்படியே இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழையும்போதே, "பெரியப்பா, நான் டோம்பிவிலிலருந்து வாரேன், உங்க தம்பி மக" என்று நானே சொல்லிவிட்டேன். பரீட்சை ரத்து. அவர் தோள் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் கேட்டேன்: "இப்பல்லாம் யாரும் லெட்டரே போடுறதில்லையே, நல்லதா கெட்டதா, என்ன நினைக்கீங்க?"

நாற்பது நிமிஷம் பேசினார். நடுவில் இரண்டு தடவை ஆரம்பித்த இடத்துக்கே போனார். அதனால் என்ன.

அன்றைக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டிலும் ஆபீஸிலும் எல்லோரிடமும் சொல்லிவைத்துப் பழைய உறைகள், கல்யாணப் பத்திரிகை வந்த கவர்கள், பேங்க் கடிதங்கள் என்று முந்நூறு போலச் சேர்த்தேன். செருப்புப் பெட்டிகளை ஒட்டி நாலுக்கு மூன்று என்று பன்னிரண்டு பொந்துகள் கொண்ட ஒரு அலமாரி செய்தேன். ஆர்.எம்.எஸ்.ஸில் இருந்த பெரிய சார்ட்டிங் அடுக்குக்கு இது பொம்மைதான். மேஜைமேல் வைத்து, கவர்க் கட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காப்பி போடப் போனேன்.

திரும்பி வரும்போது எழுந்து நின்றிருந்தார். சார்ட்டர் உட்கார்ந்து வேலை பார்க்க மாட்டான் என்று அப்புறம் சொன்னார். இடது கையில் கட்டு, கட்டைவிரலால் மேல் கவரைத் தள்ளுகிறார், வலது கை எடுக்கிறது, கண் முகவரியின் கடைசி வரிக்கு மட்டும் போகிறது, கை பொந்துக்குப் போகிறது. அந்தக் கைக்கு 82 வயதில்லை. அது என்ன வருஷம் என்று யாரும் கேட்கவும் இல்லை.

பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிக்காஜி வேலங்கர், மராட்டியர், சமஸ்கிருதத்தில் கவிதை எழுதியவர். அப்போது பெரியப்பாவுக்கு 29 வயது. அதற்கு முன்னாலும் பம்பாய்க்குள் வட்ட எண்கள் உண்டு. மாட்டுங்கா என்றால் பம்பாய் 19, தாராவி 17, சயான் 22. புது எண்ணிலும் அந்தப் பழைய எண் வாலில் ஒட்டிக்கொண்டது: 400019, 400017, 400022. பெரியப்பா இன்றைக்கும் முன்னால் உள்ள 400-ஐப் படிப்பதே இல்லை. அதற்கு அவசியமில்லை என்பார்.

தானே ஊர் முகவரி ஒன்றை நான் எடுத்துக் கல்யாண் பொந்தில் போட்டேன். உதவி செய்கிறேனாம். அவர் அதை உருவி எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "400601. தானே நம்பர் நானூறுல வரும், கல்யாணுக்கு 421. இருபது வருஷமா டோம்பிவிலில இருக்க, இதுகூடத் தெரியல. உன்னையெல்லாம் எந்த செட்லயும் சேக்க மாட்டான்." இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை.

கவரைப் பிரிக்கப் பிரிக்கப் பேச்சு தானாக வந்தது. மெட்ராஸ் மெயிலில் போகிற ஊர்களை ஒரே மூச்சில் சொன்னார், கல்யாண், பூனா, தௌண்ட், சோலாப்பூர், குல்பர்கா, வாடி, ராய்ச்சூர், குண்டக்கல், கடப்பை, ரேணிகுண்டா, அரக்கோணம். வாடி ஸ்டேஷனில் பை இறங்கும் நேரத்தில் கொட்டிய மழை. கவரில் பெண்கள் எழுத்து எது, ஆண்கள் எழுத்து எது என்று கண்டுபிடிக்கிற பந்தயம். அரக்கு முத்திரை வாசனை. எதையும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருக்காது.

காலண்டர் பிரச்சினையும் இதிலேயே தீர்ந்தது. ஃபோர்ட்டில் ஒரு ஸ்டேஷனரி கடையில் சக்கரம் திருப்புகிற தேதி முத்திரை வாங்கினேன். காலையில் பாய் வந்ததும் பேப்பரைக் கையில் கொடுப்பாள். பெரியப்பா பேப்பரில் தேதி பார்த்து, முத்திரையின் சக்கரத்தைத் திருப்பி, காலண்டர் தாளில் ஓங்கி ஒன்று குத்துவார். முத்திரை குத்திய தாளை மறுநாள் காலைவரை கிழிக்கக் கூடாது. இது அவராகவே போட்ட விதி. முத்திரை விழுந்த காகிதத்தின்மேல் அவருக்கு இருக்கும் மரியாதை என்மேல் கிடையாது. எப்போதாவது பேப்பர் வராத நாளில் தடம்புரளும். மற்றபடி புதன்கிழமை புதன்கிழமையாகவே இருக்கிறது.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நல்ல கதையாக இருக்கும்.

சாயங்காலங்களில்தான் அவர் அதிகம் தனியாக இருக்கிறார் என்று, நான் நடுவாரத்திலும் ஆபீஸ் முடித்துப் போய் ஆறு மணிக்குக் கவர்க் கட்டைப் பிரித்துவைக்கத் தொடங்கினேன். மூன்றாவது வாரம், வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு எனக்கு ஒரு போன். வி.டி. ஸ்டேஷனிலிருந்து ஒரு கான்ஸ்டபிள். பெரியப்பாவின் சட்டைப் பையில் நாங்கள் வைத்திருந்த அட்டையில் என் நம்பர் இருந்தது. ஆபீஸிலிருந்து ஓடினேன், பத்து நிமிஷம். வேட்டிக்குப் பதில் பேன்ட் போட்டிருந்தார். பெல்ட். கையில் டிபன் பாக்ஸ், காலி. ஹார்பர் லைன் வண்டியில் ஜி.டி.பி. நகரில் ஏறி, கூட்டத்தில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். "நைட் டூட்டிக்கு நேரமாச்சு. நம்ம வாசலை அடைச்சுட்டானுவளே, எந்த வழியா உள்ள போகன்னு தெரியல."

என்னால்தான். பொழுது சாயும் நேரத்தில் மறதிநோய்க்காரர்களுக்குக் குழப்பம் கூடும் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நான் அந்த நேரம் பார்த்து அவரை வி.டி.க்குள் கூட்டிக்கொண்டு போய், வெளியே விடாமல் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். சிந்தனையைத் தூண்டிவிட்டேன், அணைக்கவில்லை.

"இன்னிக்கு செட் மாறிட்டு பெரியப்பா, நாளைக்குத்தான் டூட்டி" என்றேன். பொய் சொல்லலாமா என்று கேட்பவர்கள் அந்த நேரத்தில் அந்தக் கூட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு வடாபாவ் வாங்கிக்கொண்டு டாக்ஸியில் வந்தோம். பச்சை மிளகாயை எனக்குக் கொடுத்துவிட்டார், அது எனக்குப் பிடிக்கும் என்பதை எப்படியோ தெரிந்துவைத்திருந்தார்.

அன்றிரவு ஷார்ஜா அண்ணன் போனில் கத்தினான். இல்லம் எதிலாவது சேர்த்துவிடலாம் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. தனியாக இருப்பவருக்கு மூளைப் பயிற்சியைவிட முதலில் வேண்டியது பத்திரம். அடுத்த வாரமே பாயின் தங்கை மகன் ஒருவன், கல்லூரிப் பையன், ராத்திரி வந்து படுத்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. காஸ் குழாயின் வால்வைப் பாய் போகும்போது மூடிவிடுவாள், சாயங்காலம் வஹினி தெர்மாஸில் காப்பி வைப்பாள். கவர்க் கட்டு காலை பத்து மணிக்கு மாறியது. முடிக்கும்போது ஒரு நோட்டில் நேரம் எழுதி, 'ஆஃப் டூட்டி' என்று போட்டுக் கையெழுத்துப் போடுவார். பிறகு பொந்து அலமாரியை ஒரு பழைய சேலையால் மூடிவிடுவோம். கடை சாத்தியாச்சு. அதன்பிறகு இன்றுவரை வி.டி.க்குக் கிளம்பவில்லை, ஆனாலும் சாயங்காலம் போன் அடித்தால் என் வயிற்றில் ஒரு குலுக்கல் இருக்கத்தான் செய்கிறது.

இது குணமாக்குகிற வைத்தியம் இல்லை. 2023-ல் காக்ரேன் அமைப்பு 37 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 30 மதிப்பெண் பரிசோதனையில் இந்தப் பயிற்சியால் ஏறக்குறைய 2 மதிப்பெண் வித்தியாசம் வருகிறது என்று கண்டார்கள். ஆறு மாசச் சரிவைத் தள்ளிப்போடுவதற்குச் சமம். சின்ன எண்தான், ஆனால் ஆறு மாசம் என்பது ஒரு மாம்பழ சீசன், ஒரு கணபதி விழா.

எனக்குச் சுருக்கென்றது இன்னொரு ஆய்வு. இதே பயிற்சியை வீட்டில் ஒருவருக்கு ஒருவராக, பராமரிப்பவரே கொடுத்தால் என்ன ஆகும் என்று 356 ஜோடிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று முறை, அரை மணி நேரம், 25 வாரம். 2017-ல் முடிவு வந்தது. ஞாபகசக்தியில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனால் நோயுள்ளவர்கள், தங்களைப் பார்த்துக்கொள்பவரோடு உறவு நன்றாக ஆகியிருக்கிறது என்றார்கள். அதைப் படித்தபோது ஏமாற்றமாக இருந்தது. கவரும் முத்திரையுமாக நான் பட்ட பாடெல்லாம் பெரியப்பாவின் மூளைக்கு ஒன்றும் செய்யவில்லையோ என்று. கொஞ்ச நாள் கழித்து அந்தத் தானே கவர் திட்டு நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சயானில் இறங்கும்போதே எனக்குத் தலை கனக்கும். இப்போது கனப்பதில்லை.

ஆனால் கணக்கு தெளிவாக இருந்தது. மூளைக்குப் பலன் வேண்டுமென்றால் கூட்டம் வேண்டும். தனியாக வாழ்பவருக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தால் அதுவும் தனிமைதானே.

சொசைட்டி ஆபீஸ் அறை ஞாயிறு மத்தியானம் சும்மா கிடக்கும். செக்ரட்டரியைக் கெஞ்சி வாங்கினேன். முதல் மாடி ஆஜோபா, மராத்தியில் தாத்தா, பெஸ்ட் என்கிற மும்பை டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், மனைவி இல்லை. மூன்றாவது மாடி டீச்சர் மாமிக்கு மறதி இல்லை, மூட்டுவலியும் கோபமும் உண்டு. பக்கத்துக் கட்டடத்து குஜராத்தி பென், நம் அக்கா மாதிரி ஒரு அழைப்பு, எப்போதும் சிரிப்பார், எவ்வளவு புரிகிறது என்று தெரியாது. அப்புறம் பெரியப்பா. மொழி ஒரு பிரச்சினையே ஆகவில்லை. இவர்கள் எல்லோரும் அறுபது வருஷமாகக் காய்கறிக்காரனிடம் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி, ஆபீஸில் ஒரு மொழி என்று வாழ்ந்தவர்கள். ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளிகளைப் பார்த்து 2013-ல் எழுதினார்கள்: ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை வருஷம் தாமதமாகத் தொடங்கியிருந்தது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும்கூட. பெரியப்பாவுக்கு இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டியதோ என்னவோ.

முதல் வாரம் படுதோல்வி. ஆளுக்கொரு படத்தைக் கொடுத்து 'இது யார்?' என்று கேட்டேன், பழைய புத்தி. எல்லோரும் காப்பிக்காகக் காத்திருந்தார்கள். இரண்டாம் வாரம் கேள்வியை மாற்றினேன். டிராம், டபுள் டெக்கர், மோனோ ரயில், இப்போது வந்திருக்கிற தரையடி மெட்ரோ, இந்த ஊருக்கு எது லாயக்கு?

சண்டை. ஆஜோபா கட்சி டபுள் டெக்கர். பழைய டபுள் டெக்கர்கள் 2023 செப்டம்பரில் ஓய்வு பெற்றபோது அவர் மாலையோடு போய் நின்றவர். பெரியப்பா டிராம் கட்சி. பம்பாயில் கடைசி டிராம் ஓடியது 1964 மார்ச் 31, இவர் வந்ததும் அதே வருஷம். டிராமில் ஏறினாரா, பார்த்தாரா, கேள்விப்பட்டதுதானா, யாருக்கும் தெரியாது. அபிப்பிராயம் மட்டும் கல்மாதிரி இருந்தது: "டிராம் சத்தம் போட்டுட்டு வரும், செவிடனும் தப்பிச்சுக்கலாம்." மோனோ ரயிலுக்கு ஆதரவாக ஒருத்தர்கூட இல்லை. பென் சிரித்தார். பிறகு திடீரென்று, "டாங்கா" என்றார். குதிரை வண்டி. அறை அமைதியாகிவிட்டது. அவர் அந்த அறையில் சொன்ன முதல் சொல். ஆஜோபா எழுந்து குதிரை மாதிரி நாக்கைச் சொடுக்கினார்.

இப்போது எட்டு மாசமாக நடக்கிறது. பெரியப்பாவுக்கு முந்தைய வாரம் நடந்தது நினைவில் இருக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காது மிஷினைத் தானே மாட்டிக்கொள்கிறார், மற்ற நாளில் அதற்கு ஒரு போராட்டமே நடக்கும். ஆஜோபாவின் பெயர் தெரியாது, "கண்டக்டரு வந்தாச்சா?" என்பார். அது போதும் இரண்டு பேருக்கும். போன மாசம் மறுபடி போட்ட கேள்வித்தாளில் ஒரு மதிப்பெண் குறைந்திருக்கிறது. பயிற்சி இல்லையென்றால் மூன்று குறைந்திருக்குமா, யார் கண்டார்கள். என் பெயர் வருவதும் குறைந்துகொண்டே போகிறது. வாசலில் நான் சொல்லிக்கொண்டுதான் நுழைகிறேன்.

போன வாரத் தலைப்பு சாப்பாடு. திருநெல்வேலி சொதி என்று நான் ஆரம்பித்ததும் டீச்சர் மாமி, தேங்காய்ப்பாலில் காய் போட்டால் அது குழம்பே இல்லை என்றார். பெரியப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் மேஜையைத் தட்டி, "இஞ்சிப் பச்சடி இல்லாம சொதி சாப்பிட்டவங்க பேசக் கூடாது" என்றார். இஞ்சிப் பச்சடி என்றால் என்ன என்று ஆஜோபா மராத்தியில் கேட்க, பெரியப்பா மராத்தியில் ஆரம்பித்து, இந்தியில் கொஞ்சம் போய், புளி கரைக்கும் இடத்தில் தமிழுக்கு வந்து முடித்தார். ஆஜோபா தலையாட்டினார். தின்று பார்க்காமல் ஒப்புக்கொள்ள முடியாது என்று மாமி சொல்லிவிட்டார்.

அதனால் வருகிற ஞாயிறு டோம்பிவிலியிலிருந்து ஐந்து பேருக்குச் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். ஸ்லோ லோக்கலில் குக்கரோடு எப்படிப் போவது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.